அந்தப் பத்து வரியை அழிக்காதீர்கள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொங்கலோடு இந்தக் கம்ப்யூட்டர் அறையை விட்டுப் போகிறேன். குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஜாப் டைப்பிங் கடை. போகிறவன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதானே. இருபத்தாறு வயதில் ரிட்டயர் ஆகிறவன் அனுபவம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் எவன் சிரிக்காமல் படிப்பான்? அதுவும் ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டு, டைப்ரைட்டிங் லோயரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இங்கே நுழைந்தவன். பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ பாதி குடித்திருப்பேன். உங்களில் ஒருத்தி, பேர் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும், எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "அண்ணா, நம்ம புரோகிராம்ல '<' குறிக்குன்னு, எது சின்னது எது பெருசுன்னு பாக்குமே அதுக்கு, தனியா பத்து வரி கீதே, அது எதுக்குண்ணா? வெறும் எண்ணா மாத்திக்கோன்னு ஒரே ஒரு வரி போட்டா அந்தப் பத்தும் வேணாம். புக்ல பாத்தேன். எடுத்துடட்டா?"

எனக்குப் புரையேறிவிட்டது.

அவள் சொன்னது தப்பில்லை. ஒரு வரி போட்டால் ஓடத்தான் செய்யும். ஜோராக ஓடும். அப்படித்தான் இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூன் மாசம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு சிரியுங்கள், ஆனால் அந்த வரிகளில் கை வைக்காதீர்கள்.

முதலில் விஷயம் தெரியாமல் வந்தவர்களுக்கு. நம் ஆலை பம்புக்கான ஷாஃப்ட் செய்கிறது. ஷாஃப்டைக் கடைசியாகத் தீட்டி அளவுக்குக் கொண்டுவருவது கிரைண்டிங் மிஷின். ஒவ்வொரு மிஷினிலிருந்தும் ஐந்தைந்து ஷாஃப்டாக எடுத்து கேஜில் வைத்து, சரியான அளவுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று எழுதி அனுப்புவார்கள். அதை நாம் டைப் அடித்தால் புரோகிராம் இரண்டு கணக்குப் போடும். ஒன்று சராசரி. இன்னொன்று, ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது. இடைவெளி குறைவாக இருந்தால் மிஷின் அடக்கமாக ஓடுகிறது. கூடினால் குடித்துவிட்டு ஆடுகிறது. அடக்கமான மிஷின் முதலில், ஆடுகிற மிஷின் கடைசியில் என்று வரிசை போட்டு அச்சாவதுதான் சார்ட். இவ்வளவுதான் புள்ளியியல். மேனேஜர் இதையே இங்கிலீஷில் அரை மணி நேரம் சொல்வார்.

இந்தப் புரோகிராமை எழுதியது நம் புரோகிராமர் மேடம். பேரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், போடவில்லை. வயசு என் வயசுதான். கிண்டல் பண்ணினால் சிரிக்க மாட்டார். ஒரு மணி நேரம் கழித்து, நாம் எதிர்பார்க்காத நேரத்தில் திருப்பிக் கொடுப்பார். நான் வேலையில் சேர்ந்த புதிதில் கூட்டல் குறியை வைத்து அவர் செய்திருந்ததைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி நின்றேன். நம் பிரச்சினை என்னவென்றால், மிஷின்களில் ஒன்று பழைய சீமை மிஷின். அதனுடைய கேஜ் இஞ்சில் காட்டும். மற்றதெல்லாம் மில்லிமீட்டர். இரண்டையும் சும்மா கூட்டினால் சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றின கதை. மேடம் என்ன செய்தார் என்றால், 'அளவு' என்று ஒரு புது வகையே உண்டாக்கினார். அதற்குள் எண்ணும் இருக்கும், அது இஞ்சா மில்லியா என்பதும் இருக்கும். அப்புறம் கூட்டல் குறியையே கூப்பிட்டு, இந்த வகையைப் பார்த்தால் முதலில் இரண்டையும் மில்லியாக்கிக்கொள், பிறகு கூட்டு என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் அதே பாடம்.

"இது எப்படி மேடம்? ஒரே குறி, ஆளுக்கு ஆள் வேற மாதிரி வேலை செய்யுது?"

"கேண்டீன்ல பாத்ததில்லையா கோபி? சாம்பார் ஊத்துறவரு கரண்டி ஒண்ணுதான். சோத்துத் தட்டைப் பாத்தா மேல ஊத்துறாரு. இட்லித் தட்டைப் பாத்தா ஓரமா ஊத்துறாரு. தட்டைப் பாக்கச் சொல்லிக்கொடுத்திருக்கேன், அவ்ளோதான்."

அன்றைக்கு எனக்கு விளங்கிய அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் எதுவும் விளங்கியதில்லை.

இனி அந்தோணி. சுங்குவார்சத்திரத்துக்காரன். என்னோடு ஒரே பஸ்ஸில் வருவான், ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பான். அந்தச் சீமை மிஷின் அவன் பொறுப்பு. பக்கத்து மிஷினின் மில்லி கேஜ் சும்மா இருந்தால் அதை எடுத்து அளப்பான். அது கிடைக்காவிட்டால் தன்னுடைய இஞ்ச் கேஜில் அளப்பான். எது கைக்கு வந்ததோ அது. அதனால் ஒரே ஐந்தில் இரண்டு மில்லியும் மூன்று இஞ்சும் கலந்து வருவது அவன் ஒருத்தன் மிஷினில்தான். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அதற்குத்தானே மேடம் கூட்டலுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்!

அந்தோணி அப்போது ப்ரொபேஷனில் இருந்தான். பெண் நிச்சயமாகி இருந்தது. பெண் வீட்டில் ஒரே பேச்சு: வேலை பெர்மனென்ட் ஆனால் கல்யாணம். மேனேஜரும் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்: சார்ட்டில் எவன் மிஷின் அடக்கமாக நிற்கிறதோ அவன் பெயரைத்தான் மேலே அனுப்புவேன் என்று. மாசக்கணக்கில் சார்ட்டில் முதலிடம் யார்? நம் அந்தோணி. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தான். மாதா கோயிலில் பங்குச் சாமியாரிடம் சொல்லி, வரும் ஞாயிறு முதல் ஓலை வாசிக்க ஏற்பாடும் செய்துவிட்டான். சபையில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு வாசிப்பார்களே, அது. வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பம்பு வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வருவதாக இருந்தது. சார்ட்டைக் காட்டி, லோடு ஏற்ற வேண்டும். காலை டீ நேரத்தில் அந்தோணி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். சாக்கு சார்ட், உண்மையில் வந்தது ஏசி காற்றுக்கு. ஆலையிலேயே அப்போது ஏசி இந்த அறையில் மட்டும்தான்.

"இன்னாடா கோபி, நம்ப மிஷினு?"

"ஃபர்ஸ்ட்டுதான் மாமே. ஆளு குட்டைன்னாலும் மிஷினு ஒசரத்துல நிக்குது."

"யார்ரா குட்ட? பக்கத்துல வா. என் தோளுக்கு வர்றியா பாப்போம்."

இது எங்களுக்குள் பழைய சண்டை. பஸ்ஸில் ஆரம்பித்து பஸ்ஸில் முடியாதது. மேடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ரெண்டு பேரும் வெளிய போய்க் குட்டையா இருங்க" என்றார்.

"இல்ல மேடம், இன்னைக்கு கம்ப்யூட்டர் தீர்ப்பு சொல்லட்டும். இது யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது."

இருவரும் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்றோம். ஸ்டீல் டேப்பில் நான் அவனை அளந்தேன், மில்லிப் பக்கம் பார்த்து: ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. அவன் என்னை அளந்தான். அவன் கை பழகின பழக்கம், இஞ்ச் பக்கம் பார்த்தான்: அறுபத்தாறு. இரண்டையும் புரோகிராமில் போட்டேன். பெரியது எது?

திரையில் வந்தது: 1650 மில்லி.

அந்தோணி போட்ட கூச்சலில் பக்கத்து ஸ்டோர்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "அறிவியல் சொல்லிடிச்சிடா! குட்டையா!" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் என்னைவிட ஒரு விரல்கடை குட்டை என்பது ஊரறிந்த விஷயம். எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றேன் என்றாவது பார்ப்போம் என்று, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொன்னேன்.

மைனஸ் இருபத்தாறு சொச்சம்.

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மைனஸ் வருமா? ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டவனுக்கே அது தெரியும்.

"மேடம், இங்க கொஞ்சம் பாருங்களேன்."

"விளையாடாதீங்க கோபி, இன்ஸ்பெக்டர் வர்ற நாளு."

"விளையாட்டுதான் மேடம். ஆனா கம்ப்யூட்டரும் சேந்து விளையாடுது."

வந்து பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். புரோகிராமைத் திரையில் வரவழைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு, "என் தப்பு" என்றார். "பிரின்ட் சுலபமா வரணும்னு ஒரு வரி போட்டேன். அளவு எதுவா இருந்தாலும் தேவைப்பட்டா வெறும் எண்ணா மாத்திக்கோன்னு. கூட்டல், கழித்தலுக்கு நான் பாடம் சொல்லியிருக்கேன், அதுங்க தட்டைப் பாக்குது. '<' குறிக்குச் சொல்ல மறந்துட்டேன். சொல்லலைன்னா 'எனக்குத் தெரியாது'ன்னு நின்னிருக்கும், நமக்கும் அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா அந்த ஒரு வரி இருந்ததால, அறுபத்தாறை விட ஆயிரத்து அறுநூத்தம்பது பெருசுன்னு வெறும் எண்ணைப் பாத்துட்டுப் போயிடுச்சு."

எனக்கு உயரம் மறந்துவிட்டது. ஏனென்றால் மில்லியில் இருபத்தைந்து என்றால் இஞ்சில் ஒன்றுதான். இஞ்சில் எழுதின எண் எப்போதுமே சின்ன எண். ஐந்து ஷாஃப்டில் பெரியது எது, சிறியது எது என்று தேடும்போது அது சைபரை ஒட்டி நடுவில் நின்றுவிடும்; ப்ளஸ்ஸில் மேல் ஓரம், மைனஸில் கீழ் ஓரம் இரண்டையும் பெரும்பாலும் மில்லி எண்களே பிடித்துக்கொள்ளும். இஞ்சில் அளந்த ஷாஃப்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஆட்டத்துக்கே வராது. சராசரி சரியாக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இடைவெளி மட்டும் சின்னதாகவே வந்துகொண்டிருந்தது. யாருக்கு? இஞ்சையும் மில்லியையும் கலந்து அளக்கிற ஒரே ஒருத்தனுக்கு.

மேடம் அந்த ஒரு வரியைத் தூக்கிவிட்டு '<' குறிக்குப் பாடம் எழுதினார். நீங்கள் அழிக்கலாமா என்று கேட்ட பத்து வரி அதுதான். மாசக் கணக்கை மறுபடி ஓட்டினோம். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கீச்கீச்சென்று சார்ட்டைத் துப்பியது. அந்தோணி மிஷின் முதலிடத்திலிருந்து கடைசிக்குப் போயிருந்தது.

இங்கேதான் நான் ஒன்று சொன்னேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் அது நாக்கு நுனிக்கு வரும்.

"மேடம், இன்னைக்கு ஒரு நாள் பழைய சார்ட்டே போகட்டும். ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிறாங்க. திங்கக்கிழமை கண்டுபுடிச்ச மாதிரி வச்சுக்கலாம்."

அவர் திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஷாஃப்ட் ஏதாவது ஒண்ணு பம்புக்குள்ள போய்ப் பிடிச்சுக்கிட்டா, பெட்டியில யார் மிஷின் பேரு எழுதித் திரும்பி வரும்?"

பதில் எனக்குத் தெரியும். அந்தோணி மிஷின் பேர்தான்.

"நீங்க போய் அவர்கிட்ட சொல்லுங்க. நான் மேனேஜர்கிட்ட போறேன். மேனேஜர் வாயால அவரு இதைக் கேக்கக் கூடாது."

வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் எது என்று கேட்டால், கூட்டல் குறி இல்லை, இந்த ஒரு வாக்கியம்தான். கெட்ட சேதி யாரைக் கடிக்குமோ, அவனிடம் முதலில் போக வேண்டும். அதுவும் நடந்து போக வேண்டும்.

மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாடா, நான்தான் ஒசரம்னு எழுதிக் குடுக்க வந்தியா?"

  விஷயத்தைச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப நானு?"

"கடைசி."

"அந்தப் பொட்டி பொய் சொல்லுதுடா."

"இத்தினி நாளு சொல்லிச்சு மாமே. இன்னைக்குதான் நிறுத்திச்சு."

"ஞாயித்துக்கெழம ஓலைடா. அவங்க வூட்டுல எல்லார்க்கும் சொல்லியாச்சு." வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "திங்கக்கெழம கண்டுபுடிக்கக் கூடாதாடா?" என்றான்.

நான் அரை மணிக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. அவன் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று தெரிந்தது. சின்னது பெரியது என்றெல்லாம் நாள் முழுக்க எனக்குப் பாடம்தான்.

"கண்டுபுடிச்சுட்டனே" என்றேன்.

கையிலிருந்த வேஸ்ட் துணியை என் முகத்தில் வீசினான். கூலன்ட் வாடை, மிஷின் சூடாகாமல் ஊற்றுகிற பால் நிறத் தண்ணீர். அப்படியே திரும்பி, முடிந்த ஷாஃப்ட் அடுக்கியிருந்த டிரேக்களை ஒவ்வொன்றாக இழுத்து, லோடு ஏற்றும் பக்கத்திலிருந்து தள்ளித் தரையில் வைத்தான். எல்லாம் வைத்து முடித்துவிட்டு, "இது எல்லாம் நம்ப மிஷினுது. ஏத்தக் கூடாதுன்னு உங்க மேடம்கிட்ட சொல்லு" என்றான். பிறகு, "நீ இனிமே என்கிட்ட பேசாத."

இன்ஸ்பெக்டர் வந்தபோது மேனேஜர் முகம் கூலன்ட் நிறத்தில் இருந்தது. மேடம் நேராகச் சொன்னார்: ஒரு மிஷினின் கணக்கு தப்பாக வந்திருக்கிறது, காலையில்தான் தெரிந்தது, அந்த லாட் நிற்கிறது, மற்ற மிஷின்களில் ஒரே கேஜ்தான் என்பதால் அந்தக் கணக்கு சரி, வேண்டுமானால் நீங்களே அளந்து பாருங்கள். அவர் கொஞ்சம் அளந்து பார்த்தார். மற்ற லாட்டை ஏற்றச் சொன்னார்.

"இது எப்படித் தெரிஞ்சது?"

"ரொட்டீன் செக் சார்" என்றார் மேனேஜர்.

"ஒசரம் பாத்தோம் சார்" என்றேன் நான்.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் பொங்கல் போனஸ் அங்கேயே செத்தது. கதையைக் கேட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவர் அந்தோணியைவிடவும் குள்ளம். டேப்பைப் பார்த்துவிட்டு, "என்னை மட்டும் அளந்துடாதீங்க" என்றார்.

நிறுத்தி வைத்த லாட்டை மில்லி கேஜில் ஒன்று விடாமல் மறுபடி அளந்தோம். பெரும்பாலானவை நல்லவை. ஒரு டிரே அளவுக்குத் தள்ள வேண்டியிருந்தது. சார்ட் கடைசியில் நின்றதால் மெயின்டனன்ஸ்காரர்கள் வேறு வழியின்றி மிஷினைப் பிரித்தார்கள். உள்ளே பேரிங் தேய்ந்து கிடந்தது. முதலிடத்தில் இருந்த மிஷினை எவன் பிரித்துப் பார்ப்பான்? அதைப் புதிதாகப் போட்டார்கள். இஞ்ச் கேஜை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அந்தோணிக்குத் தனியாக மில்லி கேஜ் கொடுத்தார்கள்.

அந்த முறை பெர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயர் இல்லை. ஓலை வாசிக்கவில்லை. பெண் வீட்டார் ஏதேதோ பேசினார்கள். அவன் என்னோடு பேசவில்லை. ஒரே பஸ், ஒரே சீட்டு வரிசை, நான் ஜன்னலைப் பார்ப்பேன், அவன் கண்டக்டரைப் பார்ப்பான். கிண்டல் பண்ண ஆள் இல்லாமல் தண்டலம் தாண்டுவதற்குள் எனக்கு நாக்கு துருப்பிடித்துவிடும்.

ஆயுத பூஜைக்கு முன்னால் அடுத்த லிஸ்ட் வந்தது. புதுப் பேரிங்கோடு அவன் மிஷின் சார்ட்டில் முதலிடம். நான் பிரின்டரிலிருந்து காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவனிடம் நடந்துதான் போனேன். நல்ல சேதிக்கும் அதே சட்டம். அவன் சார்ட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"இது நெசமா?"

"பெருசுலருந்து சின்னதக் கழிச்சுப் பாத்துட்டேன். மைனஸ் வர்ல."

சிரித்துவிட்டான். டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினான்.

போன மாசம் கல்யாணம். மேடமும் வந்திருந்தார். கோயில் படிக்கட்டில் போட்டோ எடுக்கும்போது அந்தோணி என் தோளைப் பிடித்து ஒரு படி கீழே இறக்கி நிறுத்தினான். போட்டோ இந்த அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் யார் உயரம் என்று நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும்.

ஆகவே, அறிவாளித் தங்கச்சிகளே, தம்பிகளே. புரோகிராம் "எனக்குத் தெரியாது" என்று நின்றால் அதைத் திட்டாதீர்கள். அது உங்களுக்குச் செய்கிற உபகாரம். எதைப் போட்டாலும் சிரித்துக்கொண்டே விடை சொன்னால்தான் பயப்பட வேண்டும். ஒரு புது வகையை உண்டாக்கினால் கூட்டலுக்கு மட்டும் பாடம் சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள், மிச்சக் குறிகளும் வரிசையில் நிற்கின்றன. நமக்குப் பிடித்தவன் பேருக்கு நேராக நல்ல விடை வரும்போது இரண்டு தடவை பாருங்கள்; பிடிக்காதவனுடையதை எப்படியும் பார்ப்பீர்கள். வேலை நேரத்தில் கொஞ்சம் விளையாடவும் செய்யுங்கள். மேனேஜர் கேட்டால் ரொட்டீன் செக் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை உங்களிடம் கொடுப்பதற்கு முன்னால், அவனைப் பற்றி எழுதியிருப்பதால், அந்தோணியிடம் படிக்கக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்க வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான். பழைய சார்ட்டே போகட்டும் என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என் பேனாவை வாங்கி, கடைசித் தாளின் அடியில் எழுதிக் கொடுத்தான்:

"மில்லில பாத்தா நான்தான்டா ஒசரம்."